தாலுகா கோர்ட் வக்கீல் காலமானபின் அவரிடம் இருந்த வழக்குக் கட்டுகளை என்ன செய்வது?

கரிசல்நிலம் (கேள்வி)

மாமனார் தாலுகா கோர்ட்டில் வக்கீல். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, உயில் என்று எதற்கும் சுற்றுவட்ட ஊர்க்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். சமீபத்தில் காலமாகிவிட்டார். பீரோ நிறையக் கேஸ் கட்டுகள், கட்சிக்காரர்களின் மூலப் பத்திரங்கள், ஒட்டிய உறைகளில் சில உயில்கள். குமாஸ்தாவும் ஒரு ஜூனியரும் உண்டு. வீட்டில் வேறு வக்கீல் இல்லை. அத்தையும் பிள்ளைகளும் எதிலிருந்து தொடங்குவது? அவரை நம்பிக் கொடுத்த எதையும் யாரும் இழந்துவிடக் கூடாது. ஃபீஸ் பாக்கி உள்ள கட்டுகளைக் கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

வாய்தா_டைரி

ஆழ்ந்த இரங்கல். பீரோவை அப்புறம் திறக்கலாம். முதலில் அவருடைய கோர்ட் டைரியை எடுத்து, அடுத்த 30 நாள் வாய்தாக்களை (விசாரணைத் தேதிகளை) மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். டைரியை மட்டும் நம்ப வேண்டாம். கோர்ட் வழக்கு விவரங்கள் கிடைக்கும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரை வைத்தும் பார் கவுன்சில் பதிவு எண்ணை வைத்தும் தேடலாம். இரண்டு வழியிலும் தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறிப் பதிவாகியிருக்கும், அங்கேதான் வழக்குகள் தப்பிப்போகும். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார் முன் உள்ள பட்டா மனுக்களும் மேல்முறையீடுகளும் அந்தத் தேடலில் வராது. அதற்குக் குமாஸ்தாவின் நினைவும் கட்டுகளும்தான் துணை.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3 விதி 4-ன்படி வக்கீல் இறந்தால் வக்காலத்து, அதாவது வழக்கை நடத்தக் கட்சிக்காரர் அவருக்கு எழுதிக்கொடுத்த அதிகாரம், முடிந்துவிடும். ஆனால் கோர்ட்டுக்கு அது தானாகத் தெரியாது. வழக்கு அழைக்கப்படும்போது யாரும் எழுந்திருக்காவிட்டால், வாதி வழக்கு தள்ளுபடியாகும், பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி ஆவார் (அவர் இல்லாமலே வழக்கு நடக்கும்). அதைத் திரும்ப எடுக்க 30 நாள்தான். தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். ஒருமுறை ஓடத் தொடங்கிய காலவரையறை வக்கீல் இறந்ததால் நிற்காது. எதிருரைக்கு (பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கு) 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90. மேல்முறையீடு சார்பு அல்லது மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90. சான்றிட்ட நகல் வாங்கச் செலவான நாட்கள் இதில் சேராது. இப்படிக் கெடு ஓடுகிற கட்டுகளுக்குச் சிவப்பு நாடா கட்டி, அந்தக் கட்சிக்காரர்களிடம் இன்றே பேசிவிடுங்கள். கிரிமினல் வழக்குகளும் அதே அவசரம்தான். வாய்தா தெரியாமல் கட்சிக்காரர் போகாமல் விட்டால் பிடிவாரண்டு வரும்.

ஜூனியர் என்ன செய்யலாம் என்பது வக்காலத்தைப் பொறுத்தது. அதில் அவர் பெயரும் இருந்து அவரும் கையெழுத்திட்டிருந்தால் தொடர்ந்து நடத்தலாம். சீனியருக்காக வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர் என்றால் அந்த உரிமை இல்லை. இறப்பைத் தெரிவித்து மெமோ கொடுத்து, கட்சிக்காரர் வேறு வக்கீல் அமர்த்த அவகாசம் கேட்கலாம். நீதிபதிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. புதிய வக்காலத்துக்கு ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தை இறந்தவரிடம் வாங்க வழியில்லை, அதனால் இறப்புச் சான்று நகல் சில தயாராக இருக்கட்டும்.

பழைய_குமாஸ்தா

கட்டுகளை எண்ணிப் பதிவேடு எழுதாமல் ஒன்றைக்கூட வெளியே விடாதீர்கள். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், உள்ளே இருக்கும் மூல ஆவணங்கள், வாங்கியவர் கையெழுத்து, தேதி. இவ்வளவு போதும். பத்திரத்துக்கு ஆவண எண்ணும் வருடமும் எழுத வேண்டும். ‘கிரயப் பத்திரம் 1’ என்று எழுதினால் பின்னால் சண்டை வரும்.

எடுத்துப்போக வருகிறவர் யார் என்று பாருங்கள். கூட்டுச் சொத்து வழக்கில் அண்ணன் மட்டும் வந்து கேட்டால், வக்காலத்தில் கையெழுத்திட்ட மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். கட்சிக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றில் உள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்திடட்டும்.

‘மூலப் பத்திரத்தை வக்கீலய்யாகிட்ட கொடுத்தேன், காணோம்’ என்று சிலர் வருவார்கள். அது கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கலாம். தீர்ப்பின் கடைசியில் உள்ள சான்றாவணப் பட்டியலைக் காட்டுங்கள். வழக்கு முடிந்திருந்தால் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

கட்சிக்காரர் கையெழுத்திட்டு நிரப்பாமல் கிடக்கும் வக்காலத்தும் வெற்றுத்தாளும் இருக்கும். குறுக்கே கோடு போட்டு உரியவரிடமே கொடுங்கள். பழைய பேப்பரோடு போனால் ஆபத்து.

உயில் உறைகளைப் பிரிக்கவே கூடாது. எழுதியவர் உயிரோடு இருந்தால் அவர் கையில் மட்டும், பிள்ளைகளிடம் அல்ல. அவர் விரும்பினால் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் வைப்பாக வைக்கலாம். அவர் இறந்திருந்தால் உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரிடம் கொடுக்க வேண்டும். உறைமேல் அப்படி நியமிக்கப்பட்டவர் பெயர் இல்லையென்றால் வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு, சாட்சிகள் முன் பிரித்து, நடந்ததை மகஜராக எழுதிச் சாட்சிகளின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமேசை

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. குடும்பத்துக்கு மட்டும் எப்படி வரும்? கட்டைக் கொடுத்துவிடுங்கள், பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். அதேபோல் கோர்ட் கட்டணத்துக்கும் டெபாசிட்டுக்கும் கட்சிக்காரர் கொடுத்துச் செலவாகாத பணம் இறந்த வக்கீலின் சொத்தில் சேராது. கணக்கெழுதித் திருப்ப வேண்டும்.

வீட்டார் கட்டுகளை வாசிக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சிறிய ஊரில் ஒரே பீரோவில் பக்கத்து வீட்டுக்காரரின் விவாகரத்தும் சொந்தக்காரரின் கடனும் இருக்கும். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை வழக்கு முடிந்தாலும் தீராது; பாரதிய சாட்சிய சட்டம் 132-ஆம் பிரிவு குமாஸ்தாவையும் கட்டுப்படுத்துகிறது. மேலட்டையைப் பார்த்துப் பிரிப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே பார்க்க வேண்டியதை ஜூனியர் பார்க்கட்டும்.

அவர் தமிழ்நாடு வழக்கறிஞர் நல நிதியில் உறுப்பினரா என்று பார் கவுன்சிலில் விசாரியுங்கள். உறுப்பினரென்றால் அவர் நியமனதாரராக (நாமினியாக) பெயர் கொடுத்தவர் விண்ணப்பிக்கலாம். நோட்டரியாகவும் இருந்திருந்தால் முத்திரையையும் பதிவேட்டையும் பூட்டிவைத்து, நியமித்த அரசுக்குத் தெரிவியுங்கள்.

கரிசல்நிலம்

மூவருக்கும் நன்றி. எல்லாக் கட்டையும் தன் ஆபீஸுக்கு எடுத்துப்போய் நடத்துவதாக ஜூனியர் சொல்கிறார். நல்ல மனிதர். கொடுக்கலாமா?

சட்டமேசை

மொத்தமாக வேண்டாம். அவர் பெயரும் வக்காலத்தில் இருக்கும் கட்டுகளை ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். மற்றவர்களுக்கு ‘வக்கீல் காலமானார், உங்கள் அடுத்த வாய்தா இந்தத் தேதி, கட்டை வாங்கிக்கொண்டு உங்களுக்கு விருப்பமான வக்கீலை அமர்த்துங்கள்’ என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். அதில் ஜூனியரின் பெயரைப் பரிந்துரையாக எழுத வேண்டாம். வக்கீல்கள் வழக்குத் தேடி விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அவருக்கே சிக்கலாகும். கட்சிக்காரர் தானாக அவரைக் கேட்டால் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுங்கள். திரும்பி வரும் தபால் உறைகளைப் பிரிக்காமல் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள்.