மேல்வீட்டுச் சத்தம் தாங்கவில்லை: ஒப்பந்தம் முடியும் முன் வீட்டைக் காலி செய்யலாமா?

வெளிநாட்டில் வந்து இறங்கிய அவசரத்தில் பகலில் ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது, தலைக்கு மேலே இருப்பவர்களுக்குத் தூக்கமே கிடையாது என்று. ஐந்தாவது மாதம் ஒருவழியாக வெளியே வந்தேன். முதல் மூன்று மாதம் வீணாய்ப் போனதற்குக் காரணம் நான்தான்: போனில் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஈமெயிலில் கேட்டபோது "இதுவரை உங்களிடமிருந்து புகாரே வரவில்லையே" என்று ஏஜென்ட் பதில் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுத்தில் ஒன்றுமே இல்லை.

ஒரு விஷயம் முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். சத்தம் போடுவது மேல்வீடு. ஆனால் ஒப்பந்தம் இருப்பது ஓனரோடு. ஆங்கில வழிச் சட்டம் உள்ள நாடுகளில் 'குவைட் என்ஜாய்மென்ட்' என்றொரு உரிமை வாடகைக்காரருக்கு உண்டு, அதாவது ஓனரின் குறுக்கீடு இல்லாமல் வீட்டை அனுபவிக்கும் உரிமை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அமைதிக்கு உத்தரவாதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சுவரும் தளமும் சத்தத்தைத் தடுக்காத லண்டன் அடுக்குமாடி வீடுகள் பற்றிய வழக்கில், அன்றாடம் புழங்கும் சத்தத்தால் இந்த உரிமை மீறப்படவில்லை என்று 1999-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆகவே நடக்கிற சத்தம், குழந்தை ஓடுகிற சத்தம், குழாய்ச் சத்தம் இதையெல்லாம் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது கஷ்டம். நடுராத்திரிப் பாட்டு, ஓயாத கூச்சல், விடாமல் குரைக்கும் நாய் என்றால் கதை வேறு. மேல்வீட்டுக்காரரும் அதே ஓனரிடம் வாடகைக்கு இருந்தால் இன்னும் நல்லது. அவரை ஓனரே கண்டிக்க முடியும்.

இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது. ஜெர்மனியில் இதற்கு 'லெர்ம்புரோட்டோகோல்' என்று தனிப் பெயரே உண்டு. "தினமும் தொல்லை" என்று எழுதாதீர்கள், "செவ்வாய் இரவு 11.40 முதல் 1.15 வரை" என்று எழுதுங்கள். இரண்டு மூன்று வாரக் குறிப்போடு ஓனருக்கு ஈமெயில் அனுப்புங்கள். போனில் பேசினாலும், பேசியதை அன்றைக்கே ஈமெயிலில் போட்டுவிடுங்கள்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். அடுத்த வீடு தேடும்போது அந்தப் பெயர் கூடவே வரும்.

வெளியேறும் வழி ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் குறிப்பிட்ட கால ஒப்பந்தமே கிடையாது, இரண்டு மாத நோட்டீஸ் போதும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தத்தில் கால்பங்குகூட முடியவில்லை என்றால் நான்கு வார வாடகை அபராதம், முக்கால்பங்கு தாண்டிவிட்டால் ஒரு வாரம்தான். கனடாவின் ஒன்டாரியோவில் இன்னொருவருக்கு ஒப்பந்தத்தை மாற்றித் தரக் கேளுங்கள். ஓனர் மறுத்தாலோ 7 நாளில் பதில் தராவிட்டாலோ, கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் கெடுவோடு விலகலாம். மற்ற இடங்களில் ஒப்பந்தத்தில் 'பிரேக் கிளாஸ்', அதாவது பாதியில் விலக அனுமதிக்கும் நிபந்தனை, இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எதுவும் இல்லையா? எனக்கும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: ஓனருக்கு என் தூக்கம் பற்றிக் கவலையில்லை, வாடகை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். என் இடத்துக்கு ஆள் பார்த்துக் கொடுத்தேன். சத்தத்தை மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாமவருக்கு ராத்திரி ஷிப்ட் வேலை. "பகலில் எப்படி?" என்று மட்டும் கேட்டார். பகலில் மேல்வீடு காலி!

ஆள் கிடைத்ததும் உள்வாடகைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் அப்படியே இருக்கும், அவர் வாடகை கட்டாவிட்டால் உங்களைத்தான் பிடிப்பார்கள். ஓனர் அவரோடு புது ஒப்பந்தம் போடட்டும். உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குமேல் வாடகை பாக்கி இல்லை, டெபாசிட் எப்போது திரும்பும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுங்கள். நண்பரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கையெழுத்தும் அதில் வேண்டும்.