பைதானில் தமிழ் சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் 'சார்மேப்' பிழை: உதவி தேவை

நெல்லைவாசி:
வணக்கம். பைதான் கற்றுக்கொள்ள இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். விண்டோஸ் 11, பைதான் 3.12, எடிட்டர் விஎஸ் கோட். அப்பாவின் மளிகைக் கடை விலைப்பட்டியலைப் படிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பட்டியல் சிஎஸ்வி, அதாவது கமாவால் பிரித்த உரைக் கோப்பு. கோப்பின் முதல் வரி "அரிசி,52". அது மட்டும் இருந்தபோது பிழை வரவில்லை, ஆனால் அரிசி இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகள் வந்தன. அடுத்த வரியில் "உப்பு,20" சேர்த்ததும் நிரல் நின்றுவிடுகிறது. யூனிகோட் டிகோட் எர்ரர், சார்மேப், பைட் 0எக்ஸ்8டி, பொசிஷன் 28 என்று காட்டுகிறது.

அதே கோப்பு விஎஸ் கோட்டில் ஒழுங்காகத் தெரிகிறது. அண்ணனின் உபுண்டு லேப்டாப்பில் நிரலும் ஓடுகிறது. பைதானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. எங்கே சிக்கல்?

காவிரிக்கரை:
நிறுவியதில் குறை ஒன்றும் இல்லை, திரும்ப நிறுவ வேண்டாம். லொகேல் மாட்யூலை இம்போர்ட் செய்து கெட்பிரிஃபர்டுஎன்கோடிங் என்ன தருகிறது என்று பிரிண்ட் செய்து பாருங்கள்.

நெல்லைவாசி:
சிபி1252 என்று வருகிறது.

காவிரிக்கரை:
அதேதான். என்கோடிங் என்பது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. உங்கள் கோப்பு எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8இல் இருக்கிறது. விஎஸ் கோட் வழக்கமாகக் கோப்பை யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் தமிழ் சரியாகத் தெரிகிறது. பைதானில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் அப்படியல்ல. நீங்கள் என்கோடிங் சொல்லாவிட்டால் இயங்குதளத்தைக் கேட்கும். உபுண்டு யுடிஎஃப்-8 என்கிறது, உங்கள் விண்டோஸ் 1252 என்கிறது. 1252 மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணை.

உப்பில் நின்றதற்கும் காரணம் உண்டு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'அரிசி'யில் அ, ர, இகரக் குறி, ச, மறுபடி இகரக் குறி என்று 5 குறிகள், 15 பைட். கமாவும் 52உம் சேர்ந்து 3, வரி முடிவுக்கு 2. ஆக 20 ஆனது. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் 'உ' 20 முதல் 22 வரை, 'ப' 23 முதல் 25 வரை, அதன் மேல் இருக்கும் புள்ளி 26 முதல் 28 வரை. அந்தப் புள்ளியின் கடைசி பைட்தான் 8டி (பதினாறடிமான எண்). 1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய 5 இடங்கள் காலி. 'அரிசி'யின் பைட் எதுவும் அந்த இடங்களில் விழவில்லை, அதனால் தப்பாகவாவது படித்துவிட்டது. புள்ளியில் வழியே இல்லை. உகரக் குறியின் கடைசி பைட் 81, அதுவும் இதே கதைதான். புள்ளியும் உகரமும் இல்லாமல் எத்தனை தமிழ் வரி எழுத முடியும்?

தீர்வு சுலபம். ஓப்பன் அடைப்புக்குள் கோப்பின் பெயருக்கு அப்புறம் என்கோடிங் = "யுடிஎஃப்-8" என்று சேர்த்துவிடுங்கள் (நிரலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்).

இரவுப்பறவை:
ஒவ்வொரு ஓப்பனிலும் எழுத வேண்டாம் என்றால் விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிளில் பைதான்யுடிஎஃப்8 என்ற பெயரில், ஆங்கிலப் பெரிய எழுத்தில், 1 என்று வைத்துவிடுங்கள். அப்புறம் விஎஸ் கோட்டை முழுக்க மூடித் திறக்க வேண்டும். டெர்மினலை மட்டும் மூடினால் பழைய அமைப்பே தொடரும்.

காவிரிக்கரை:
அதுவும் வேலை செய்யும். ஆனால் நிரலை வேறொரு விண்டோஸ் கணினியில் ஓட்டினால் அதே பிழை அங்கே வரும். கற்கும்போதே என்கோடிங்கை எழுதிப் பழகுவது நல்லது என்பேன். பைதான் 3.15இல் யுடிஎஃப்-8 தானாகவே வரும் என்று முடிவாகியிருக்கிறது, ஆனாலும் பழைய பதிப்புகள் பல கணினிகளில் இன்னும் நெடுநாள் இருக்கும்.

நெல்லைவாசி:
ஓடிவிட்டது, மிக்க நன்றி! புள்ளி வரை எண்ணிக் காட்டியது ரொம்ப உதவியாக இருந்தது. இன்னொரு சந்தேகம். முழுப் பட்டியலையும் எக்செல்லில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று சேமித்தேன். இப்போது டிக்ட்ரீடரில் (தலைப்பின் பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் பைதான் கருவி) 'பொருள்' என்ற தலைப்பைக் கேட்டால் கீ எர்ரர், அதாவது அப்படி ஒரு தலைப்பு இல்லை என்ற பிழை. கோப்பில் முதல் தலைப்பே அதுதான்.

இரவுப்பறவை:
அந்த வகையில் சேமிக்கும்போது எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி வைக்கும். அது 'பொருள்' முன்னால் ஒட்டிக்கொள்கிறது. என்கோடிங்கை "யுடிஎஃப்-8-சிக்" என்று மாற்றுங்கள். குறி இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எக்செல்லில் வெறும் "சிஎஸ்வி" வகையை மட்டும் எடுக்காதீர்கள், தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும்.

நெல்லைவாசி:
வந்துவிட்டது! கணக்கை மறுபடி சிஎஸ்வியாக எழுதி அப்பா எக்செல்லில் திறக்க வேண்டும் என்றால்?

இரவுப்பறவை:
எழுதும்போதும் அதே "சிக்" கொடுங்கள், டபுள் கிளிக் செய்தாலே தமிழ் சரியாக வரும். கூடவே நியூலைன் = வெற்று மேற்கோள் என்றும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி விழும்.