லேஸ் பூச்சியில் புது இனமா? விவரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர்மலைவாசி, பினாங்கு:
இலையின் மேல்பக்கம் பொட்டுப் பொட்டாக வெளிறியிருந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் தார் தெளித்தாற்போல் கறுப்பு எச்சமும், நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் வலைப்பின்னல் இறக்கையோடு ஒன்றும் இருந்தால் அது லேஸ் பூச்சி. கறுப்புப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம், இலைப்பேனும் அப்படி விடும்.

நம் வீட்டுத் துளசியிலும் பூனைமீசைச் செடியிலும் வருவது பெரும்பாலும் கொக்லோகைலா புல்லிட்டா. வாழையிலும் தென்னையிலும் ஸ்டெபனைட்டிஸ் டிப்பிகா. மல்லிகையில் கொரித்தௌமா அய்யாரி; அதை 1933-லேயே பூச்சியியலாளர் டிரேக் புது இனமாகப் பெயரிட்டு விவரித்துவிட்டார். புதுசு கிடைக்கும் என்றால் இங்குள்ள கொடிமலை (பினாங்கு ஹில்) பக்கத்துக் காட்டுச் செடிகளில்தான் வாய்ப்பு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலையும் பறிக்காதீர்கள். உயிரியல் வளங்களை எடுப்பது பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அனுமதி எண்ணைக் கையோடு எழுதி வையுங்கள்.

செடியின் பெயரும் பூச்சி அளவுக்கு முக்கியம். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்துங்கள். இளம்பூச்சிகள் அதே இலையில் இருந்தால்தான் அது உணவுச்செடி என்று எழுதலாம். வளர்ந்தது காற்றில் வந்து எதன்மேலும் உட்காரும்.

கெப்போங் பூச்சிப்பெட்டி:
இளம்பூச்சி மட்டும் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, மெல்லிய துணி கட்டி வளர்த்தெடுங்கள். ஐந்து பருவம் கடந்துதான் இறக்கை முழுதாக வரும். கடைசித் தோல் உரித்த கையோடு கொன்றால் உடல் வெளிறிச் சுருங்கிவிடும், அதன் நிறத்தை நம்பி ஒரு வரிகூட எழுத முடியாது. ஓரிரு நாள் விடுங்கள்.

மரபணுவுக்குச் சிலவற்றை 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். மற்றவற்றை உலர்த்தி முக்கோண அட்டை நுனியில் ஒட்டுங்கள். பசை மார்பின் வலப்பக்கத்தில், கடுகளவுகூட வேண்டாம். வயிற்றுப்புறம் முழுக்கப் பசை தடவினால் உறிஞ்சுகுழல் படியும் பள்ளம் மூடிப்போகும். அந்தப் பள்ளத்தின் இரு ஓரச் சுவர்கள் எப்படி வளைகின்றன, எங்கே திறக்கின்றன என்பதைப் பார்க்காமல் பேரினத்தையே உறுதி செய்ய முடியாத இடங்கள் உண்டு. நீரில் கரையும் பசை என்றால் பிறகு பிரித்துப் பார்க்கலாம். உணர்கொம்பு நான்கு கணுவும் முழுதாக உள்ள பூச்சியை மூல மாதிரிக்கு, அதாவது புது இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றைப் பூச்சிக்கு, ஒதுக்குங்கள். கடைசிக் கணு எளிதில் உடையும்.

கொடிமலை நடையன்:
பூச்சிப்பெட்டி அக்கா, இனம் பிரிக்க இறக்கை வலைப்பின்னலின் சிறு கட்டங்களை, அதான் கண்ணறை வரிசையை, எங்கே எண்ணுவது? ஒரே பூச்சியில் எனக்கு இரண்டு கணக்கு வருகிறது.

கெப்போங் பூச்சிப்பெட்டி:
தம்பி, இறக்கையின் வெளியோரப் பட்டையில் மிக அகலமான இடத்தில் எண்ண வேண்டும். வலம், இடம் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்; ஒரே உடலில் ஒரு வரிசை கூடவோ குறையவோ இருப்பது உண்டு. எத்தனாலில் நனைந்திருக்கும்போது கண்ணறைகளின் ஓரம் தெளிவாகத் தெரியாது, உலர்ந்தபின் எண்ணுங்கள். ஆணிலும் பெண்ணிலும் ஐந்தைந்தாவது அளந்தால்தான் வரிசை எண்ணிக்கை இனத்தின் அடையாளமா, வெறும் மாறுபாடா என்று பிடிபடும். தலையில் உள்ள முட்கள் எத்தனை, கழுத்துக்கு மேலே எழும் கூம்பு தலையை எவ்வளவு மூடுகிறது, முதுகில் ஓடும் மேடு ஒன்றா மூன்றா, இவையும் வேண்டும். படத்தில் அளவுகோல் கட்டாயம்.

தண்ணீர்மலைவாசி, பினாங்கு:
அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. டிரேக்கும் ருஹாஃபும் 1965-இல் வெளியிட்ட உலகப் பட்டியலில் அந்தப் பேரினத்தின் எல்லா இனங்களையும் பாருங்கள், அதன்பின் வந்த கட்டுரைகளையும் தேடுங்கள். எழுத்து வேறுபாட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். டிப்பிகா பல நூல்களில் டிப்பிக்கஸ் என்றே இருக்கிறது. நெருங்கிய இனத்தின் மூல மாதிரியை, குறைந்தது அதன் நல்ல படத்தையாவது அருங்காட்சியகத்திடம் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இனம் பிரிக்கப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ வரிசை துணைக்கு நல்லது. ஒப்பிட அந்த நெருங்கிய இனத்தின் வரிசை தரவுத்தளத்தில் இல்லை என்றால் அது தனியே எதையும் நிரூபிக்காது.

1999-க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு மூல மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் செய்த பதிவும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் பெயர் செல்லாது. மூல மாதிரியை வீட்டில் வைக்காதீர்கள். பினாங்கு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் விடாது. பொதுச் சேகரிப்பில் ஒப்படைக்கும்வரை காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.