ஃபெரோனியா: அடிமைகளின் தெய்வமா, எசமானர்களின் தெய்வமா?

நூலகவாசி:
ரோமானியத் தெய்வங்கள் என்றதும் ஜூபிடர், வீனஸ், மார்ஸ் என்று பெரிய பெயர்களே வரிசையாக வருகின்றன. ஃபெரோனியாவை யாரும் நினைப்பதில்லை. ரோமுக்குத் தெற்கே, கடலோர ஊரான டெர்ராசினாவுக்கு அருகே அவளுக்கு ஒரு கோயில் இருந்தது. தலை மழித்த அடிமைகள் விடுதலையின் அடையாளமான கம்பளித் தொப்பியை அவள் கோயிலில் பெற்றுக்கொண்டார்கள். அங்கிருந்த கல் இருக்கையில் “தகுதியுள்ள அடிமைகள் அமரட்டும், சுதந்திரர்களாக எழட்டும்” என்று பொறித்திருந்ததாக, வெர்ஜிலின் காவியத்துக்கு உரை எழுதிய செர்வியஸ் சொல்கிறார். மனிதரை ஏலம் போட்டு விற்ற சமூகத்தில், விற்கப்பட்டவர்களுக்கென்று ஒரு தெய்வம்! ஒலிம்பஸின் பன்னிருவரைவிட இவளே எனக்கு உயர்ந்தவள்.

தென்கரை:
நண்பரே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அடிமைகள் எல்லாரும் அமரட்டும் என்று அது சொல்லவில்லை, தகுதியுள்ளவர்கள் மட்டும். அந்தத் தகுதியைத் தீர்மானித்தது தேவியா? எசமான்தான். காலமெல்லாம் அடங்கி உழைத்தால் ஒருநாள் அந்தக் கல்லில் உட்காரலாம் என்ற நம்பிக்கையைவிட உறுதியான விலங்கு எது? விடுதலைக்கும் அரசு வரி வாங்கியது: கி.மு. 357 முதல் அடிமையின் விலையில் 5 விழுக்காடு.

ரோமுக்கு வடக்கே அவளுடைய புகழ்பெற்ற தோப்பு இருந்த ஊர் லூகஸ் ஃபெரோனியே. அதன் அருகிலேயே வொலூசி என்ற செல்வக் குடும்பத்தின் பெரிய பண்ணை மாளிகை இருந்தது. 1960களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலை போடும்போது அது வெளிப்பட்டது. முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிற்றறைகளை அடிமைகளின் குடியிருப்பு என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடுதலைத் தெய்வத்தின் வாசலில் அடிமைக் கொட்டடி! அவள் யார் பக்கம் இருந்தாள் என்பதற்கு வேறு சான்று தேவையா?

கல்வெட்டுக்காரி:
இருவருமே கதையைப் பின்பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள். செர்வியஸ் எழுதியது கி.பி. 400ஐ ஒட்டி. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஃபெரோனியா மத்திய இத்தாலியின் தோப்புத் தெய்வம். சபைன் மக்கள், லத்தீன் மக்கள், கபேனா ஊரார் எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். முதல் விளைச்சலை அவளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அந்தத் தோப்பில் கூடிய சந்தைக்கு உழவரும் கைவினைஞரும் வணிகரும் திரண்டார்கள். குவிந்த பொன்னையும் வெள்ளியையும் கி.மு. 211இல், ரோமின் மீது படையெடுத்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹானிபல் கொள்ளையடித்தான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். (அவன் படை போன பிறகு அங்கே செம்புக் குவியல்கள் கிடந்தனவாம். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய வீரர்கள் போட்டுவிட்டுப் போனவை என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.)

காட்டுக்கும் வயலுக்கும் நடுவே, ஓர் இனத்தின் நிலத்துக்கும் இன்னோர் இனத்தின் நிலத்துக்கும் நடுவே நிற்பவள் அவள். அடிமை நிலையிலிருந்து சுதந்திரத்துக்குக் கடப்பவர்கள் அவளைத் தேடி வந்தது இயல்புதான். விடுதலை அவளுக்குப் பிறகு வந்து சேர்ந்த பொறுப்பு என்பது என் கருத்து.

நூலகவாசி:
அம்மா, பிறகு என்றால் எவ்வளவு பிறகு? கி.மு. 217, ஹானிபல் இத்தாலிக்குள் நுழைந்துவிட்ட காலம். ஊரெங்கும் தீய சகுனங்கள். பரிகாரமாகக் குடும்பப் பெண்கள் பணம் திரட்டி ஜூனோவுக்குக் காணிக்கை செலுத்தினார்கள். விடுதலை பெற்ற பெண்கள் தங்களால் இயன்றதைத் திரட்டி ஃபெரோனியாவுக்குச் செலுத்தினார்கள். இதையும் லிவிதான் சொல்கிறார். செர்வியஸுக்கு 600 ஆண்டுகள் முன்பே அவள் அவர்களுடைய தெய்வம்!

மாட்டர் மட்டூட்டா என்ற தேவியின் ஜூன் 11 விழாவில் ஓர் அடிமைப் பெண்ணைக் கோயிலுக்குள் அழைத்து வந்து, அடித்துத் துரத்துவதே சடங்கு. அப்படிப்பட்ட ஊரில் கதவைத் திறந்து வைத்தவளை எசமானர்களின் தெய்வம் என்கிறாரே தென்கரை, மனம் பொறுக்கவில்லை.

தென்கரை:
கி.மு. 217ஐ நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. அந்தப் பெண்கள் தாமாகப் போகவில்லை. சிபில் ஏடுகள் என்ற ஆரூட நூல்களைப் பார்த்த பூசகர்கள் வகுத்த ஏற்பாடு அது. குடும்பப் பெண்களுக்கு ஜூனோ, முன்னாள் அடிமைகளுக்கு ஃபெரோனியா. விடுதலை பெற்ற பிறகும் தனி வரிசை, தனித் தெய்வம்! அதையா திறந்த கதவு என்கிறீர்கள்?

கி.பி. 69 உள்நாட்டுப் போரையும் பாருங்கள். வித்தெல்லியஸ் பேரரசரின் தம்பி ஃபெரோனியாவின் தலத்துக்கு அருகில் பாசறை அமைத்தான். ஓர் அடிமை வந்து அவனிடம் டெர்ராசினாவைக் காட்டிக்கொடுத்தான், பரிசாக மோதிரமும் பெற்றான். இறுதியில் போரை வென்ற எதிர்த்தரப்பு பிறகு அந்த அடிமையை அந்த மோதிரத்தோடு சிலுவையில் அறைந்தது. ஊர் மக்களுக்கு அது ஆறுதலாக இருந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கல் இருக்கை இருந்த அதே வட்டாரத்தில்!

நூலகவாசி:
அந்தச் சிலுவையை நட்டது அரசு. அதை அவள் கணக்கில் எழுதாதீர்கள்.

கல்வெட்டுக்காரி:
கி.மு. 217 ஆணை பற்றித் தென்கரை சொல்வது சரி. அந்த வரிசைப் பிரிப்பு கசப்பானதுதான். ஆனால் பூசகர்கள் ஏன் ஃபெரோனியாவைத் தேர்ந்தார்கள்? ரோமில் தெய்வங்களுக்கா பஞ்சம்? அந்தப் பெண்கள் முன்பே அவளிடம் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆணை அதைத் தொடர்ந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். பட்டியல் போட்டவர்கள் எசமானர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஃபெரோனியாவைத் தேர்ந்தவர்கள் அந்தப் பெண்கள்.