லான்சரை லோவர் பண்ண வேணும்: வீட்டில் நானே செய்யவா, கராஜில் கொடுக்கவா?

உப்புவெளியான்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2002 லான்சர் சிஎஸ்1. அப்பா ஓடிய கார். போன வருடம் அவருக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் நான்கு விரல் தாராளமாகப் போகிறது. அலோய் சில்லு போட்ட பிறகு அந்த இடைவெளி இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. கல்யாண வீட்டுக்குச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி.

விசாரித்ததில் கிடைத்த கணக்கு இது. கொழும்பில் வாகனப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், காரைத் தாழ்த்தும் ரீகண்டிஷன் லோவரிங் ஸ்பிரிங் ஒரு செட் 48,000 ரூபாய், 30 மில்லிமீட்டர் இறங்குமாம். ஊரில் ஒரு கராஜில் அதைப் பூட்ட 18,000 கேட்டார்கள். இன்னொரு இடத்தில், “ஸ்பிரிங் ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி, இருக்கிறதிலேயே ஒன்றரைச் சுற்று வெட்டி விடுகிறேன், 6,000 தாங்க, பின்னேரம் வந்து எடுங்க” என்றார்கள்.

என்னிடம் சொக்கட் செட், ஒரு ஜக், இரண்டு ஸ்டாண்ட் இருக்கின்றன. பிரேக் பாட், ஓயில் எல்லாம் நானேதான் மாற்றுகிறேன். நிலாவெளியில் ஹோட்டல் கணக்குப் பகுதியில் வேலை, சனி ஞாயிறு லீவு. அந்த 18,000ஐ மிச்சம் பிடிக்கலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா கராஜ்:

தம்பி, எனக்குக் கிண்ணியாவில் கராஜ் வைத்து 19 வருடம். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டே சொல்கிறேன்: வேலையில் பாதியை நீங்களே செய்யலாம். மற்றப் பாதியில் கை வைக்காதீங்க.

ஸ்ட்ரட்டை, அதாவது ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தண்டை, காரிலிருந்து கழற்றுவது உங்களால் முடியும். முன் பக்கம், கீழே சில்லின் ஹப்பைத் தாங்கும் நக்கிளில் இரண்டு போல்ட், மேலே பொனட்டுக்குள் மூன்று நட். பிரேக் ஹோஸ் பிடித்திருக்கும் கிளிப்பை முதலில் எடுங்க. ஸ்ட்ரட் வெளியே வந்ததும் ஹப் சரியும். அந்தப் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. ஒரு கம்பியால் ஹப்பை இழுத்துக் கட்டி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்க.

கஷ்டம் போல்ட்டில்தான் வரும். நீங்கள் உப்புவெளி. கடல் காற்றில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற கார். கொழும்பில் அரை மணியில் கழலும் போல்ட், உங்கள் பக்கம் கறள் பிடித்து நக்கிளோடு ஒன்றாகிக் கிடக்கும். சனிக்கிழமை வேலை என்றால் வியாழன் இரவே டபிள்யூடி 40 அடியுங்க, வெள்ளி இரவு இன்னொரு தரம். கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்பானர் போட வேணும். அப்படியும் வராவிட்டால் நீட்டுப் பைப் போட்டு மல்லுக்கட்டாமல் விடுங்க. உடைந்த போல்ட்டோடு எத்தனையோ கார் என்னிடம் கயிற்றில் வந்திருக்கிறது.

முற்றம் மணலா? அப்படியென்றால் ஸ்டாண்ட் புதையும். காருக்குக் கீழே ஆள் இருக்கும்போதும் புதையும். தடித்த பலகையோ கொங்கிறீட் சிலாப்போ இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நீங்கள் தொடக்கூடாத பாதி, ஸ்பிரிங்கை ஷொக்கிலிருந்து எடுப்பது. ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே அதற்குள் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொம்பிரசர் போடாமல் மேலே உள்ள நடு நட்டைக் கழற்றினால் மேல் தட்டு முகத்துக்கு வரும். மலிவுக் கொம்பிரசர் கடையில் கிடைக்கும், ஆனால் அதன் கொக்கி வழுக்கியதைக் கண்ணால் கண்டவன் நான். நாலு ஸ்ட்ரட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு வாங்க. மேசையில் வைத்து ஸ்பிரிங் மாற்றித் தர ஒன்றுக்கு 1,500 எடுக்கிறேன், நாலுக்கும் 6,000. பாலம் இருக்கிறதே, வர என்ன கஷ்டம்? 2009க்கு முன் என்றால் பாதையில் (ஃபெரியில்) ஏற்றித்தான் கொண்டு வர வேணும்.

ஸ்பிரிங் வெட்டும் இடத்துக்கு மட்டும் போகாதீங்க.

ஓர்ஸ்ஹில் ஒருவன்:

வெட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். நான் வெட்டியவன்.

2011, லான்சரின் பழைய சிகே மொடல், கையில் காசில்லாத வயது. கூட்டாளி ஒருவன் கிரைண்டரால் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டினான். முதல் நாள் பார்க்க வடிவாக இருந்தது, படம் எடுத்தேன். இரண்டாம் நாள் தொடங்கியது “டக், டக்”. வெட்டிய ஸ்பிரிங் நீளத்தில் குறைவு. சில்லு தரையை விட்டுத் தொங்கும்போது ஷொக் முழுதாக நீளும், ஸ்பிரிங் அதற்கு எட்டாது, இருக்கையில் ஆடும். வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தரமும் அது இடம் மாறி உட்காரும். ஒருநாள் அபயபுரத்துக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது ஸ்பிரிங் சரிந்து ரயரில் உரசியது. வேகம் குறைவு என்பதால் இன்று இதை எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு விசயம் எனக்கு அப்போது தெரியாது. ஸ்பிரிங்கை வெட்டினால் அது இறுகும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டி ஐந்தாக்கினால் 20 சதவீதம் இறுக்கம் கூடுகிறது. கம்பி அதேதான், முறுக்கம் தாங்கும் நீளம்தான் குறைகிறது. பழைய ஷொக் அந்த இறுக்கத்தை அடக்க முடியாமல் நாலைந்து மாதத்தில் ஓயில் கக்கிவிட்டது. காஸ் அடித்துச் சூடாக்கிப் பதிக்கிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். உருக்கின் பதம் போய்விடும், அந்தச் சில்லு மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போகும்.

உப்புவெளியான்:

கிண்ணியா நானாவுக்கு நன்றி. முற்றம் மணல்தான், அதை யோசிக்கவே இல்லை. ஆனால் 30 மில்லிமீட்டர் இறக்கினால் எங்கள் ஒழுங்கையில் ஓடுமா என்பது இப்போது பயமாக இருக்கிறது. வாசலில் ஒரு மதகு இருக்கிறது.

மணல் ஒழுங்கை:

ரயரைச் சின்னதாகப் போட்டால் காரும் தாழும், மட்காட் இடைவெளியும் கூடும். எப்படி ஐடியா? 😄

ஒரு மனைவி:

நான் கார் திருத்துகிறவள் இல்லை. லோவர் பண்ணிய காரின் முன் சீட்டில், ஏழு மாத வயிற்றோடு, திருகோணமலையிலிருந்து ஹபரணை வரை போனவள். என் கணவர் 60 மில்லிமீட்டர் இறக்கினார். கந்தளாய் வருவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. ஒவ்வொரு குழிக்கும் அடியில் ரப்பர் கட்டையில் போய் இடித்தது. அதற்குப் பெயர் பம்ப் ஸ்டொப் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்த கிழமையே பழைய ஸ்பிரிங்கைப் பூட்ட வைத்தேன். பூட்டுகூலி இரண்டு தரம்.

தம்பிக்கு ஒரு யோசனை, இது என் கணவர் பிறகு கண்டுபிடித்தது. இறக்க நினைக்கும் அளவுக்குத் தடிப்பான ரெஜிபோம் (பெட்டிக்குள் வரும் வெள்ளை தெர்மோகோல்) துண்டுகளை வெட்டுங்கள். காருக்கு அடியில் ஆகத் தாழ்வாக இருக்கும் இடங்களில் ஒட்டுங்கள்: முன் பம்பருக்குக் கீழ், நடுவில் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில், பின்னால். பைப் சுடும், அதனால் துண்டைப் பைப்பில் முட்டாமல் பக்கத்தில் ஒட்ட வேணும். பிறகு வீட்டில் இருக்கும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வழமையாகப் போகும் பாதையெல்லாம் போய் வாருங்கள். தனியே ஓடிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. எந்தத் துண்டு தேய்ந்து வருகிறதோ அந்த இடம் நாளைக்குத் தகரம். இரண்டு ரூபாய்ப் பரீட்சை, 48,000 ரூபாய் கொடுக்குமுன் செய்துவிடுங்கள்.

கிண்ணியா கராஜ்:

தங்கச்சி சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மாரியில் ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க தம்பி.

உப்புவெளியான்:

ஐந்து கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடித்துவிட்டேன்.

முதலில் ரெஜிபோம். புது ஃபான் வந்த பெட்டியிலிருந்து வெட்டினேன். வெள்ளிக்கிழமை அம்மா, அப்பா, அக்கா, அவளுடைய மகன், நான், ஐந்து பேரும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலால் உள்ளே போய் மான்களுக்கு வழிவிட்டு ஊர்ந்து ஏறினோம், ஒன்றும் முட்டவில்லை. உள்துறைமுக வீதியிலும் நிலாவெளி வீதியிலும் முட்டவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுத்துண்டு பாதிக்குப் பாதி இல்லை. வெள்ளை மணி மணியாக எங்கள் வாசல் மதகில் கிடந்தது! திருகோணமலை முழுக்க ஓடக்கூடிய கார், எங்கள் வீட்டுக்குள் மட்டும் வர முடியாது.

அதனால் காரில் தொடங்கவில்லை, மதகில் தொடங்கினேன். இரண்டு மூட்டை சீமெந்து, ஒழுங்கைப் பக்கம் சரிவை நீட்டிப் போட்டேன். “காரைத் தாழ்த்தப் போனவன் ரோட்டை உயர்த்துகிறான்” என்று அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே சொன்னார். இப்போது அவருடைய மற்றக் கண்ணும் தெளிவாகத் தெரிகிறது போல.

மீதி நானா சொன்ன மாதிரியேதான். மதகில் மிஞ்சிய கலவையில் இரண்டு சிலாப் வார்த்து ஸ்டாண்டுக்குக் கீழே வைத்தேன். முன் இடது பக்கக் கீழ் போல்ட் ஒன்று வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் எண்ணெய் குடித்த பிறகுதான் அசைந்தது. அசைந்தபோது வந்த சத்தத்துக்கு உடைந்தே விட்டது என்று நினைத்தேன். மரை போயிருந்தது, இரண்டு போல்ட் புதிதாக வாங்கினேன். நாலு ஸ்ட்ரட்டையும் கூட்டாளியின் ஓட்டோவில் ஏற்றிக் கிண்ணியா போனோம். நானா பிளேன்டீ தந்துவிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துத் தந்தார். அவருடைய கொம்பிரசர் சுவரில் பூட்டியது, என் கையால் தூக்கவே முடியாது. அதைப் பார்த்த பிறகு 6,000 கொடுக்க எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

அங்கே கற்ற ஒரு விசயம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆமின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சில்லு தொங்கும்போது இறுக்கக்கூடாது. தளர்த்தி விட்டு, கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேணும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மூன்று நாள் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு சில்லு அலைன்மென்ட் பார்த்தேன், 4,000. முன் சில்லு இரண்டும் மேற்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன, டோவும், அதாவது சில்லு நேரே பார்க்கும் கோணமும், விலகியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ரயரின் உள் ஓரம் மொட்டையாகியிருக்கும். முன் லைட்டையும் ஒருக்கால் சரிபார்த்துக்கொண்டேன். கந்தளாய்ப் பக்கம் இரவில் யானை நிற்பதைத் தூரத்தில் காண வேணுமே.

பூட்ட 18,000 கேட்ட இடத்தில் நான் மிச்சம் பிடித்தது 12,000. அதில் போல்ட், சீமெந்து, ஓட்டோவுக்குப் பெற்றோல், இரண்டு டபிள்யூடி டின் போனால் கையில் நின்றது சாப்பாட்டுக் காசு. மூன்று சனிக்கிழமையும் போனது. அடுத்த காருக்கும் இப்படித்தான் செய்வேனா என்று கேட்டால், செய்வேன். ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும் இப்போது.

பழைய ஸ்பிரிங் நாலையும் விற்கவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்து, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கிண்ணியா கராஜ்:

சந்தோசம் தம்பி. அந்த அட்டையில் முன்னுக்கு எது, பின்னுக்கு எது என்றும் எழுதி வையுங்க.