அல்சைமர் மருந்து டோனெபெசிலோடு சிறுநீரை அடக்கும் மாத்திரை சேர்ந்ததும் நினைவு மேலும் சரிவு: அடுத்து என்ன?

72 வயதுப் பெண்மணி. 14 மாதமாக அல்சைமர் சிகிச்சை. டோனெபெசிலை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கிய மூன்றாம் வாரமே சிறுநீரை அடக்க முடியவில்லை. அதற்கு வேறோர் இடத்தில் ஆக்சிபியூட்டினின் 5 மி.கி. இருவேளை எழுதிவிட்டார்கள். முதல் மருந்து நினைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது, இரண்டாவது அதன் ஏற்பிகளையே அடைக்கிறது. ஒருவர் நீர் இறைக்க, இன்னொருவர் மடையை அடைத்த கதை. இரண்டே மாதத்தில் மோகா (நினைவு, சிந்தனைத் திறனுக்கான 30 மதிப்பெண் சோதனை) மதிப்பெண் 19இலிருந்து 14. மாலையில் குழப்பம், வாய் வறட்சி, மலச்சிக்கல்.

தைராய்டு, சோடியம், பி12, சிறுநீர் கல்ச்சர் எல்லாம் சரி. எம்ஆர்ஐயில் நினைவுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸின் சுருக்கம் மட்டும், ரத்தக்கட்டு இல்லை. ஆக்சிபியூட்டினினை நிறுத்தி 12 நாள். குழப்பம் குறைந்தது, சிறுநீர்த் தொல்லை அப்படியே. நாடித்துடிப்பு 54. ரத்த அழுத்தம் 168/96 என்பதால், அதைக் கூட்டக்கூடிய மிராபெக்ரான் என்ற மாற்றுச் சிறுநீர்ப்பை மருந்தைத் தொடங்கத் தயக்கம்.

டோனெபெசிலை 5க்கு இறக்கிப் பார்ப்பதா, அறவே நிறுத்தி வேறு வகை அல்சைமர் மருந்தான மெமான்டினுக்கு மாற்றுவதா?