கியர்பாக்ஸ் ஆயில் சிமுலேஷன்: டெஸ்ட்டில் வரும் டார்க்கில் பாதிதான் வருகிறது, ஏன்?

பல்சக்கரம்:
ஒற்றைக் கட்ட ஸ்பர் கியர்பாக்ஸ். மாட்யூல் (பல்லின் அளவு) 4, பினியன் (சிறிய பல்சக்கரம்) 24 பல், வீல் (பெரியது) 48 பல், இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே மட்டம். வீல் 1500 ஆர்பிஎம், பினியன் 3000. விஜி 220 (பாகுநிலைத் தரம்) ஆயில் 1.5 லிட்டர், 60 டிகிரி. வீல் 30 மிமீ முங்குகிறது. ஆயிலைத் துகள்களாகக் கணிக்கும் எஸ்பிஎச் முறையில் 2 மிமீ துகள் போட்டு லோடு இல்லாமல் ஓட்டினால் டார்க் (சுழற்றத் தேவையான முறுக்கு) வீலில் 0.35, பினியனில் 0.05, மொத்தம் 0.40 நியூட்டன் மீட்டர். டெஸ்ட் பெஞ்சில் பினியன் ஷாஃப்ட்டில் அளந்தது 0.80. இரண்டால் பெருக்கிக்கொள்ளலாமா? இல்லை, டர்புலன்ஸ் (கொந்தளிப்பான ஓட்டம்) மாடல் போடவேண்டுமா?

ஷாஃப்ட்டு:
பாதி கூட இல்லை. வேகம் வேறான இரண்டு ஷாஃப்ட்டின் டார்க்கை அப்படியே கூட்டக் கூடாது, கோண வேகத்தால் (ரேடியன்/வி) பெருக்கி வாட்டாக்கிக் கூட்டுங்கள். வீல் 0.35 × 157 = 55, பினியன் 0.05 × 314 = 16, ஆக 71 வாட். பெஞ்சில் 0.80 × 314 = 251. காணாமல்போனது 180 வாட்.

அதில் ஒரு பங்கு உங்கள் மாடலிலேயே கிடையாது: நான்கு பேரிங், ஆயில் சீல்கள். 40 மிமீ ஷாஃப்ட்டில் 3000 ஆர்பிஎம்மில் ஒரு லிப் சீலே (ஷாஃப்ட்டை உரசி நிற்கும் ஆயில் சீல்) பல பத்து வாட் தின்றுவிடும். இரண்டுக்கும் சூத்திரம் ஐஎஸ்ஓ டிஆர் 14179 என்ற தொழில்நுட்ப அறிக்கையில் இருக்கிறது, முதலில் அதைக் கழியுங்கள். இரண்டால் பெருக்கும் யோசனை வேண்டாம். ஆயில் மட்டம் மாறினால் சர்னிங் (ஆயிலைக் கடையும் இழப்பு) மாறும், சீல் மாறாது. அந்த 2 அடுத்த டிசைனில் பொய்யாகிவிடும்.

எண்ணெய்த்துளி:
மிச்சம் துகள் அளவில் இருக்கிறது. 60 டிகிரியில் விஜி 220 சுமார் 80 சென்டிஸ்டோக் (பாகுநிலை அலகு). வீலின் வெளி ஆரம் 100 மிமீ. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பா என்று காட்டுவது) கோண வேகம் × ஆரத்தின் வர்க்கம் ÷ பாகுநிலை, அதாவது 157 × 0.01 ÷ 0.00008, ஏறக்குறைய 19,600. சுழலும் வட்டுக்கு இது லாமினார் (சீரான ஓட்டம்) தான், டர்புலன்ஸ் மாடலைத் தொடாதீர்கள்.

வட்டின் பக்கவாட்டில் எல்லைப்படலத் (வட்டோடு இழுபடும் ஆயில் அடுக்கு) தடிமன் என்ன? பாகுநிலையைக் கோண வேகத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 5.5-ஆல் பெருக்கினால் சுமார் 4 மிமீ. அதற்குள் உங்களுக்கு இரண்டே துகள்! வீலின் வேகத்திலிருந்து ஆயிலின் வேகம் வரை இறங்கும் சரிவு மொத்தமும் அந்த இரண்டில் அடங்கவேண்டும். சரிவு தட்டையாகிறது, டார்க் குறைகிறது. தெறிப்பு வீடியோ மட்டும் அசல் போலவே இருக்கும், ஏமாறுவது அங்கேதான்.

2 மிமீக்கு சுமார் 1.9 லட்சம் துகள், 1 மிமீக்கு 15 லட்சம், 0.5 மிமீக்கு 1.2 கோடி. அளவு பாதியானால் துகள் 8 மடங்காகி, டைம்ஸ்டெப்பும் (கணக்கின் நேர அடி) பாதியாவதால் ரன் நேரம் 16 மடங்கு. 2, 1.4, 1 என்று மூன்று ரன் போட்டுப் பாருங்கள். டார்க் இன்னும் ஏறிக்கொண்டே போனால் எந்த எண்ணையும் நம்பவேண்டாம்.

பல்சக்கரம்:
துகளுக்குப் பதில் செல்களில் கணிக்கும் விஓஎஃப் முறைக்கு மாறினால்?

எண்ணெய்த்துளி:
படலம் நன்றாகக் கிடைக்கும், தலைவலி பற்கள் கோக்கும் இடத்தில். இரண்டு வீலின் சுழல் பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால் ஸ்லைடிங் மெஷ் (செல் வலையை அப்படியே சுழற்றுவது) உதவாது. ஓவர்செட் (ஒன்றன்மேல் ஒன்றாக வலைகள்) அல்லது ரீமெஷிங் (வலையைத் திரும்பத் திரும்பப் போடுவது) தான். பல் தொடும் இடத்தில் செல் நசுங்காமலிருக்க கியரைச் சற்றுச் சுருக்குவார்கள், அல்லது மைய தூரத்தைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் பல்லிடுக்கில் ஆயில் பிதுங்கும் இழப்பு குறைவாகத்தான் வரும். 0.5 மிமீ செல், முனை வேகம் 15.7 மீ/வி; கூரான்ட் எண் (ஒரு ஸ்டெப்பில் ஆயில் கடக்கும் செல்களின் எண்ணிக்கை) 1-ஐத் தாண்டாமலிருக்க டைம்ஸ்டெப் 32 மைக்ரோசெகண்ட், வீலின் ஒரு சுற்றுக்கு 1250 ஸ்டெப். தொடக்கத்தில் ஆயில் அசையாமல் இருப்பதால் முதல் சில சுற்றுகளின் டார்க்கைத் தள்ளிவிட்டு, மட்டம் நிலைத்தபின் சராசரி எடுங்கள்.

ஷாஃப்ட்டு:
எந்த முறையானாலும் பெஞ்சில் 30, 15 மிமீ என இரண்டு மட்டத்தில் அளந்து வித்தியாசத்தை எடுங்கள், சிமுலேஷனிலும் அதே வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். சீலும் பேரிங்கும் பெரும்பாலும் கழிந்துபோகும். 15-க்குக் கீழே இறக்கினால் பேரிங்குக்குத் தெறிப்பு எட்டாமல் போகலாம். சம்ப் (அடியில் தேங்கிய ஆயில்) வெப்பநிலையை ஒரு டிகிரிக்குள் பிடியுங்கள். இந்த ஆயிலில் ஒரு டிகிரிக்கே பாகுநிலை 4–5 சதவீதம் நகரும்.